இந்திராணிக்கு வந்த சாமி

பிள்ளைப்பாக்கத்தில் போய் இந்திராணி வீடு எது என்று கேட்டால், எந்த இந்திராணி என்று திருப்பிக் கேட்பார்கள். குக்கருக்குப் பயப்படுகிற இந்திராணி என்று சொல்லிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அவள் வாசலில் விட்டுவிடும்.

குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் அவள் தெருவுக்கு வந்து நின்றுகொள்வாள். கம்பெனி பஸ் பிரேக் போட்டால் நெஞ்சைப் பிடிப்பாள். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. மகள் மோகனப்ரியா பிறந்தபோது குழந்தை அழவில்லையே என்று பயந்தாள். அழ ஆரம்பித்ததும், ஏன் இப்படி அழுகிறது என்று பயந்தாள். அவள் புருஷன் மோகன்ராஜ், ஒரகடத்தில் லாரிக்கு ஆக்ஸில் செய்கிற கம்பெனியில் பெர்மனன்ட் ஆனவன், தினமும் அவளைக் கிண்டல் செய்யாமல் சோற்றில் கை வைக்க மாட்டான். பயப்பட ஒன்றும் கிடைக்காத நாளில் இவள் அதற்காகவே பயப்படுவாள் என்பான். அவளும் சிரித்துக்கொள்வாள். சிரிக்கும்போதே அடுப்பை அணைத்தோமா என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள்.

அவளும் மூன்று வருஷம் கம்பெனி வேலை பார்த்தவள்தான். காருக்கு சீட் செய்கிற கம்பெனியில், கான்ட்ராக்டில், லைனில் நின்றாள். கான்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்தாள். அப்போதுதான் ராட்டினக்காரி மாடத்தி வந்து சேர்ந்தாள்.

மாடத்திக்குத் திருநெல்வேலிப் பக்கம். புருஷன் விட்டுப்போன ராட்சத ராட்டினத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போகிறவள். விசையைத் தன் கையை விட்டு யாருக்கும் கொடுக்க மாட்டாள். ராட்டினத்தில் ஏறுவது பெண்களும் பிள்ளைகளும் என்பதால் பெட்டிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று தேடினாள். இந்திராணி தயங்கித் தயங்கித் தன் பயத்தைச் சொன்னபோது மாடத்தி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "ஏளா, பயப்படுதவதான் எனக்கு வேணும். பயமில்லாதவன் தாழ்ப்பாள ஒழுங்காப் போடமாட்டான்."

அப்படித்தான் அந்தப் பயந்தாங்கொள்ளியை ராட்டினத்தின் அடியில் கொண்டுவந்து நிறுத்தியது விதி.

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க எள் போட்டால் எள் விழாத கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான், கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஒரகடம் சாலையோரத்து மைதானத்தில் தொழில் தடத் திருவிழா என்று ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். இடமும் போலீசும் தண்ணீர் லாரியும் அரசாங்கத்தோடது. ராட்டினம், கொலம்பஸ் கப்பல், குட்டி ரயில், அதற்கு மேல் வாணவேடிக்கை, எல்லாச் செலவும் கம்பெனிகளோடது. ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டிய கணக்கில் இதையும் செய்தார்கள். நுழைவாயில் வளைவிலிருந்து கழிப்பறைக் கதவு வரைக்கும் ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர் தொங்கியது. வானத்தில் பூக்கிற பூவுக்குக்கூடச் சொந்தக்காரர் உண்டு. பச்சையாய்ப் பூத்தால் ஒரு கம்பெனி, சிவப்பாய்ப் பூத்தால் இன்னொரு கம்பெனி.

இவ்வளவையும் சேர்த்துக் கட்டி இழுத்தவர் ஜனார்தன். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். ஸ்பான்சர் கம்பெனிகளின் சார்பில் திருவிழாவை நடத்தித் தரும் பொறுப்பு அவருடையது. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. எதிரே வருகிற கடைநிலை ஊழியரைக்கூட வணக்கம் சொல்லித்தான் தாண்டுவார். ஆனால் ஒரு பக்கம் அரசாங்கம், ஒரு பக்கம் கம்பெனி என்று இரண்டு முதலாளிக்குப் பதில் சொல்கிறவர். அவர் கண்ணில் எப்போதும் ஒரு கலக்கம் இருக்கும். இந்திராணி அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டாள். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா?

கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் ஜனார்தன் மாடத்தியிடம் வந்து, ராட்டினத்தின் ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்பான்சர் பெயர்ப் பலகை மாட்ட வேண்டும் என்றார். ராட்டினப் பெட்டி என்பது தலைக்கு மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட்டில் தொங்குகிற தொட்டில். பலகை மாட்ட வேறு இடமே கிடையாது. அந்த போல்ட்டையே கழற்றி, பலகையை நுழைத்து, திரும்ப முடுக்க வேண்டும். தன் ஆட்கள் செய்வார்கள் என்று மாடத்தி சொன்னாள். அது கூடாதாம். கம்பெனி ஊழியர்களே சேவை செய்கிற மாதிரி படம் வேண்டுமாம். போல்ட் முடுக்குவதே அவர்கள் பிழைப்பு, அவர்களுக்குத் தெரியாதா என்று ஜனார்தன் சிரித்துக்கொண்டே கேட்டபோது மாடத்தி சரி என்று தலையாட்டினாள்.

அன்று காலையிலேயே சீட் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். புது டீ-சர்ட் போட்டு, ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். ராட்டினத்திலும் கொலம்பஸிலும் பலகைகளை நுழைத்து போல்ட்டைப் போட்டார்கள். அதற்குள் திருவிழாப் பேரணிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், போய்விட்டார்கள். மத்தியானம் ஆக்ஸில் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அதில் மோகன்ராஜும் ஒருவன். அவன் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தான். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் மஞ்சள் கோடு போட்டிருந்தது. வேலை முடிந்துவிட்டதா தம்பி என்று மாடத்தி கேட்டதற்கு, மஞ்சள் போட்டிருக்கிறதக்கா, எல்லாம் ஓகே என்றான். இந்திராணியின் புருஷன் வாயால் வந்த வார்த்தை. மாடத்தி அதோடு விட்டுவிட்டாள். கப்பல்காரனிடமும் அவன் அதையே சொன்னான்.

சாயங்காலம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சவாரி. வரிசையில் மோகனப்ரியாவும் நின்றாள், தோழிகள் மூன்று பேரோடு. அவளுக்கு அம்மாவின் குணம் ஒரு பொட்டும் கிடையாது. பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் இந்திராணி வழக்கம்போல் ஆரம்பித்தாள், கம்பியைப் பிடி, எழுந்து நிற்காதே, கையை வெளியே நீட்டாதே என்று. மகள் கேட்டாள்: "நீ கீழ இன்னாத்த புடிச்சிக்கப் போற, அத சொல்லு மொதல்ல." தோழிகள் சிரித்தார்கள். பெட்டி மேலே போனது.

கடைசிப் பெட்டி வந்து நின்றது. இந்திராணி குனிந்து கதவுக்குத் தாழ் போட்டு நிமிர்ந்தபோது அவள் முந்தானை பெயர்ப் பலகையின் முனையில் மாட்டிக்கொண்டது. எட்டி அதை விடுவித்தாள். விரல் போல்ட்டின் நட்டில் பட்டது.

நட்டு சுழன்றது.

ஸ்பேனர் போட்டால்கூட அசையக் கூடாத நட்டு, ஒரு பெண்ணின் இரண்டு விரலுக்குப் பம்பரம்போலச் சுழன்றது. அதன் மேல் பளிச்சென்று மஞ்சள் கோடு. பெட்டி அவள் கையை விட்டு நழுவி மேலே ஏறியது. உள்ளே நான்கு பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன.

இந்திராணி அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள். அவள் சீட் லைனில் நின்ற மூன்று வருஷமும் மஞ்சள் என்றால் என்ன? இன்னும் முடுக்கவில்லை, பாக்கி இருக்கிறது, அடுத்தவன் பார்த்து முடி என்று அர்த்தம். முடித்ததற்கு அங்கே வெள்ளைக் கோடு. ஆனால் வீட்டில் மோகன்ராஜ் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் மஞ்சள் கறையை அவள் கல்லில் போட்டுத் தேய்த்திருக்கிறாள். முடுக்கி முடித்ததும் போடுகிற கோடு அது என்று அவனே சொல்லியிருக்கிறான். ஒரே சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு கம்பெனி. ஒரே மார்க்கர். அங்கே ஒரு அர்த்தம், இங்கே ஒரு அர்த்தம்.

வரிசையைச் சரி பண்ணிக்கொண்டு நின்ற மோகன்ராஜின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். 

"இன்னாங்க, மஞ்சக் கோடு நீங்க போட்டதா?"

"இல்லியே. நாங்க வரப்பவே போட்டிருந்துச்சு. இன்னாத்துக்குக் கேக்குற?"

"காலைல வந்தவங்க யாரு?"

"சீட் கம்பெனி..." என்று சொன்னவன் பாதியில் நிறுத்தினான். ஏன் கேட்கிறாள் என்று அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு அண்ணாந்து ராட்டினத்தைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் பயத்தைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். "நான் ஓகே சொல்ட்டேன் இந்திரா," என்றான் சத்தமே வராமல்.

இருவரும் மாடத்தியிடம் ஓடினார்கள். அவர்கள் சொன்னதை மாடத்தி கேட்டாள். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். விசையின் மேலிருந்த கை மட்டும் ஆடவில்லை. ராட்டினத்தை மெல்ல நிறுத்தினாள். ஒரே பக்கமாக இறக்கினால் மறுபக்கம் கனத்து இழுத்துச் சுற்றிவிடும், எதிரும் புதிருமாகத்தான் இறக்க வேண்டும், நேரம் பிடிக்கும் என்றாள்.

"அதுக்குள்ள வெடி போட்டாம்னா பிள்ளையெல்லாம் எந்திச்சிக் குதிக்கும். குதிச்சா..." மாடத்தி அதை முடிக்கவில்லை. "நான் விசைய விட்டு நவுரக் கூடாது. நீ ஓடு. அந்த ஐயா காதுல மட்டும் சொல்லு. கத்திராத. மேல இருக்கிற ஒத்தப் பிள்ளைக்கும் தெரியக் கூடாது."

மோகன்ராஜ் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெட்டிகள் வந்து நிற்கும் மேடையில் ஏறினான். இந்திராணி மைதானத்தின் மறுகோடிக்கு ஓடினாள். வாணவேடிக்கைக்கான அறிவிப்பு அப்போதே ஒலிபெருக்கியில் ஆரம்பித்துவிட்டது. ராட்டினம் நிறையப் பிள்ளைகள் இருக்க, அதன் பின்னால் வாணம் பூக்க வேண்டும், டிரோன் அதைப் படம் பிடிக்க வேண்டும். ஸ்பான்சர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. ஜனார்தன் கையில் பச்சை டார்ச். அவர் அதைத் தூக்கிக் காட்டினால் வயல் பக்கம் நிற்கிற வாணக்காரர்கள் திரியில் நெருப்பு வைப்பார்கள்.

விழா மேடைக்குப் பக்கத்தில் கோயிலுக்குப் போகிற பம்பை உடுக்கைக் கோஷ்டி ஒன்றை வேடிக்கைக்கென்று கூப்பிட்டு உட்கார்த்தியிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, போலீஸ்காரரின் கைக்குக் கீழே நுழைந்து, இந்திராணி ஜனார்தன் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், ராட்டினத்துல..."

அவள் குரல் மைதானத்தின் நான்கு மூலையிலிருந்தும் இடியாகத் திரும்பி வந்தது. ஜனார்தன் சட்டையில் மைக் குத்தியிருந்தது. தூரத்தில், வானத்தின் நடுவில், ராட்டினத்தில் இருந்த பிள்ளைகள் அதைக் கேட்டன. எங்க அம்மா, எங்க அம்மா என்று மோகனப்ரியா மற்றவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டும். உச்சியிலிருந்த பெட்டியில் நான்கு உருவங்கள் எழுந்து கையை ஆட்டின. பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். போல்ட் என்ற ஒரு சொல் அந்த மைக்கில் விழுந்தால் போதும். மேலே இருக்கும் பிள்ளைகள் அத்தனையும் எழுந்துவிடும். கீழே இருக்கும் பெற்றவர்கள் அத்தனை பேரும் ராட்டினத்தின் மேல் விழுவார்கள். ஜனார்தன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, எதுவானாலும் வாணம் முடிந்ததும் சொல்லுங்கம்மா என்று அன்பாகவே சொன்னார். ஒரு தொண்டர் அவளை ஓரத்துக்குத் தள்ளினார். டார்ச் இருந்த கை உயர ஆரம்பித்தது.

அவள் கால் நடுங்கியது. கை நடுங்கியது. பல் கிட்டித்துக்கொண்டது. அந்த நடுக்கத்தைப் பார்த்த பம்பைக்காரர் ஒருவர், தொழில் பழக்கம், தன்னையறியாமல் பம்பையில் ஒரு தட்டுத் தட்டினார். கிருத்திகைக்கு முந்தின நாள், பம்பைச் சத்தம், நடுங்குகிற பொம்பளை. சுற்றியிருந்த பெண்கள் முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகினார்கள்.

இந்திராணி அதைப் பார்த்தாள். பார்த்த அந்தக் கணத்தில் ஒன்றை முடிவு செய்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டாள்.

குக்கர் விசிலுக்குத் தெருவுக்கு ஓடுகிறவளின் தொண்டையிலிருந்து வந்த அலறலில் பச்சை டார்ச் பாதியில் நின்றது. பம்பை முழங்கியது. அவள் தலையைச் சுழற்றி ஆடினாள். ஜனார்தனின் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினாள்.

"வெடிய நிறுத்து. எம்புள்ளைங்க மேல கீதுங்க. ஒண்ணொண்ணா எறக்கு. ஆடாம எறக்கு. கடைசிப் புள்ள மண்ண மிதிக்கற வரைக்கும் ஒரு பொறி கெளம்பக் கூடாது."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து, பாஷை புரியாத வடக்கத்திக் கம்பெனி மேலாளர் ஒருவரும் ஷூவைக் கழற்றினார். ஜனார்தன் டார்ச்சைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். சாமி உத்தரவு ஆகிவிட்டது, பிள்ளைகளை மெதுவாக இறக்குங்கள் என்று அவரே மைக்கில் சொன்னார். அதையும் ஒரு வேடிக்கை என்று நினைத்துப் பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்தன.

ஆனால் சாமி நடுவில் நின்றுவிட முடியாது. நின்றால் டார்ச் மறுபடி கைக்குப் போய்விடும். இந்திராணி ஆடினாள். ஆடிக்கொண்டே, தலை ராட்டினப் பக்கம் திரும்புகிறபோதெல்லாம் ஒரு பெட்டி இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். அவிழ்ந்த மயிர் கண்ணை மறைத்தது. தலை அந்தப் பக்கம் திரும்பும், உச்சிப் பெட்டி இன்னும் உச்சியில் இருக்கும். சுழன்று வந்து மறுபடி திரும்பும், இன்னும் அங்கேயே இருக்கும். முருகா, நான் உன் பேரைச் சொல்லிப் பொய் ஆடுகிறேன், அதற்கான தண்டனையை எனக்குக் கொடு, அந்தப் பெட்டிக்குக் கொடுத்துவிடாதே என்று உள்ளே ஒரு குரல் அழுதுகொண்டே இருந்தது.

ஒரு பெண் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தாள். உண்மையான சாமியானால் நாக்கில் வாங்கிக்கொள்ளும் என்றாள். எரிகிற கற்பூரம். மத்தாப்புக்கு மேல் எதையும் தொட்டறியாத இந்திராணி அந்த நெருப்பைப் பார்த்தாள். தலை ராட்டினப் பக்கம் திரும்பியது. உச்சிப் பெட்டி பாதி தூரம் இறங்கியிருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

நெருப்பு நாக்கில் அணைந்தது. அவள் கத்தவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. அதையும் பக்தி என்றே கூட்டம் எடுத்துக்கொண்டது.

ராட்டினத்தடியில் மாடத்தி பூனை நடக்கிற மாதிரி விசையை நகர்த்திக்கொண்டிருந்தாள். மோகனப்ரியாவின் பெட்டி கடைசிக்கு முந்தினதாக வந்தது. அதன் ஒரு பக்கத்தில் நட்டே இல்லை. போல்ட் பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மோகன்ராஜ் தோளை அதற்கு அண்டைகொடுத்துக்கொண்டு, ஒரு கையால் ஒவ்வொரு பிள்ளையாக இறக்கினான். நாலாவதாக இறங்கிய மகள், ஏம்பா அழுவுற என்று கேட்டாளாம்.

கடைசிப் பிள்ளையின் கால் மண்ணில் பட்டதைப் பார்த்த பிறகுதான் இந்திராணி விழுந்தாள். அது நடிப்பில்லை.

வாணவேடிக்கை காலி ராட்டினத்தின் பின்னால் நடந்து முடிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு நாக்கு கொப்பளித்து மோர்கூட இறங்கவில்லை. அதைவிட ஒன்று அவளை வாட்டியது. சாமி வந்தவர்களுக்கு என்ன பேசினோம் என்பது நினைவிருக்காது என்பார்கள். அவளுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது.

மறுநாள் மாடத்தி தன் ஆட்களை வைத்து எல்லாப் பலகைகளையும் பிடுங்கி எறிந்து, எல்லா போல்ட்டையும் முடுக்கினாள். ஆனால் கொலம்பஸ்? ஊஞ்சல்போல ஆடுகிற அந்தக் கப்பலிலும் அதே கைகள்தான் அதே பலகைகளை மாட்டியிருந்தன. மோகன்ராஜ் கப்பல்காரனிடம் போய், போல்ட்டை ஒருமுறை முடுக்கிப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். மஞ்சள் போட்டிருந்தால் ஓகே என்று நேற்று நீதானே சொன்னாய், பலகையில் கை வைத்தால் ஸ்பான்சரிடம் யார் பதில் சொல்வது என்று அவன் சிரித்தான். அதற்கு மேல் சொல்ல மோகன்ராஜுக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பெர்மனன்ட் ஆகி ஒரு தீபாவளிகூட வரவில்லை.

மற்றவர்கள் எல்லோருக்கும் சாமி வந்ததே வசதியாக இருந்தது. அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் கேள்வி இல்லை. ராட்டினத்துக்கு ஏதோ தோஷம், முருகன் வந்து தீர்த்துவிட்டான், அவ்வளவுதான். சாயங்காலம் ஜனார்தன் பூமாலையோடு வீட்டுக்கே வந்தார். கிருத்திகை நாள், கொலம்பஸை முதல்முறையாக ஓட்டும் முன் அவள் கையால் ஒரு தீபாராதனை காட்ட வேண்டும் என்றார். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு குறி கேட்கக் காத்திருந்தார்கள்.

அவளைக் கொலம்பஸ் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கழுத்தில் மாலை, கையில் கற்பூரத் தட்டு. கப்பல் நிறையப் பிள்ளைகள். இன்னும் அசையவில்லை, தரையோடு தாழ்ந்து நின்றது. அவள் கண் கப்பலின் மேல் போகவில்லை. கப்பல் தொங்குகிற தண்டின் அடியில், பலகைக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு கோடு. தட்டில் சுடர் நடுங்கியது. காற்று இல்லை.

சாமி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று ஜனார்தன் மைக்கை நீட்டினார்.

கூட்டத்தைப் பார்த்தாள். இத்தனை பேரும் நேற்று தன்னை விழுந்து கும்பிட்டவர்கள். உண்மை தெரிந்தால் கும்பிட்ட இதே கை என்ன செய்யும்? மோகன்ராஜ் கூட்டத்தின் நடுவில் நின்று அவளையே பார்த்தான். வேண்டாம் என்று அவன் கண் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கப்பல்காரன் மோட்டார் ஸ்விட்சில் கை வைத்தான்.

"எனக்கு நேத்து சாமி வரல," என்றாள் இந்திராணி. கொப்பளித்த நாக்கில் சொற்கள் குழறின. "பயம்தான் வந்துச்சு. எம்பொண்ணு மேல இருந்தா. இதோ இந்த மஞ்சக் கோடு போட்ட போல்ட்டு எதையும் யாரும் முடுக்கல. புள்ளைங்கள எறக்குங்க."

 எலுமிச்சம்பழம் வைத்திருந்த பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"அப்போ முருகன் பேர்ல பொய் ஆடுனியா?"

"ஆமாக்கா."

அந்தப் பெண் அவள் காலடியில் காறித் துப்பினாள். பின்னாலிருந்து யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. இந்திராணிக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது. பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் விட்டு ஓடித்தான் பழக்கம் அவளுக்கு.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மோகன்ராஜ் வந்தான். மைக் அவள் கையில்தான் இருந்தது. அவன் அதன் பக்கம் குனியவில்லை. ஜனார்தனைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"மஞ்சளப் பாத்து ஓகே சொன்னது நான்தான் சார். அவங்க கம்பெனில மஞ்சள்னா பாக்கி, எங்க கம்பெனில முடிஞ்சுது. நான் தொட்டுப் பாக்கல. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

ஜனார்தன் அவனைப் பார்த்தார். கப்பல் நிறைய இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள், கேமராக்கள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாக நடந்து போய், கப்பலின் விளிம்பிலிருந்த ஒரு குழந்தையின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கித் தரையில் விட்டார். அப்புறம் அடுத்ததை. மாடத்தி எங்கிருந்தோ வந்து மறுமுனையிலிருந்து தூக்க ஆரம்பித்தாள்.

கூட்டம் முணுமுணுத்தது, திட்டியது, கலையவில்லை. நாளைக்கு மோகன்ராஜைக் கம்பெனி என்ன செய்யும், ஊர் தன்னை என்ன செய்யும், முருகன் என்ன செய்வான், எதுவும் இந்திராணிக்குத் தெரியவில்லை.  மாலை கழுத்தில் கனத்தது. அவள் வல்லக்கோட்டை இருக்கும் திசையைப் பார்க்கக்கூடப் பயந்தாள். ஆனாலும் கடைசிப் பிள்ளை கப்பலை விட்டு இறங்கும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை.